நாலாம் அதிகாரத்தின் கழித்தல் ஒன்று

புதன்கிழமை, பிற்பகல்

என் எஸ்தரக்காவுக்கு, என் சண்டைக்காரிக்கு, கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுதுவது.

திட்டாமல் கேள். உன் புத்தகம் அச்சில் இருக்கிறது. பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஓடிய பாதியில்தான் சிக்கல். நாளைக் காலை பதினோரு மணிக்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், உன்னைக் கேட்காமல் நான் எதை முடிவு செய்திருக்கிறேன் இதுவரை? கத்தரிக்காய் வாங்கினால்கூட உன்னிடம் காட்டிவிட்டுத்தானே அரிவேன்.

இதை நம் ஆசிரியைகளின் மாத இதழுக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் அவர்களுக்காக இரண்டு வரி. எஸ்தர் என் அக்கா. மிஷன் பெண்கள் பள்ளியில் பதினாறு வருஷம் கணக்கு டீச்சர். நானும் அதே பள்ளியில் கணக்குதான், ஆனால் சின்ன வகுப்புகளுக்கு. மேல்வகுப்புப் பெண்கள் தமிழிலேயே படிக்கட்டும் என்று ஒரு திரிகோணமிதிப் பாடநூல் எழுதினாள். எழுதி முடித்தாள், அச்சில் பார்க்கவில்லை. டைபாய்டு.

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. கோச்சடையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆற்றில் ஊற்று தோண்டினால் இடுப்பாழத்தில்தான் தண்ணீர். மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை, யுத்தம் எப்போது முடியும் என்று வரிசையில் நிற்கிறவர்களுக்கு யோசிக்கக்கூடத் தெம்பில்லை. உன் கட்டிலை இன்னும் மடக்கவில்லை. அதன்மேல் புரூஃப் தாள்களைப் பரப்பி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் நீ "சொல்லித் தொலைடி" என்பாய்.

கணக்கு தெரியாதவர்களுக்கும் புரியட்டும். sin² x என்று எழுதினால் என்ன பொருள்? x என்ற கோணத்தின் சைனை, அதாவது அட்டவணையில் அதற்குரிய எண்ணை எடு, அதை அதனாலேயே பெருக்கு. sin³ x என்றால் மூன்று தரம் வைத்துப் பெருக்கு. இதுவரை வம்பில்லை. அதே இடத்தில் கழித்தல் ஒன்றைப் போட்டு sin⁻¹ x என்று எழுதினால்? நாம் இயற்கணித வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதிப்படி, ஒன்றை x-இன் சைனால் வகுக்க வேண்டும். ஆனால் உலகம் அப்படிப் படிப்பதில்லை. எந்தக் கோணத்துக்கு x சைனாக வரும், திரும்பிப் போய் அந்தக் கோணத்தைக் கண்டுபிடி என்று படிக்கிறது. பரீட்சைத் தாளும் அப்படித்தான் கேட்கிறது. ஆக, மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன எண் இரண்டாயிருந்தால் பெருக்கச் சொல்கிறது, கழித்தல் ஒன்றாயிருந்தால் வந்த வழியே திரும்பச் சொல்கிறது.

இதற்காக நீ அடுப்படியில் போட்ட சண்டை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏண்டி லீதி, சேலையக் கட்டுறதுக்கு எதிர்வேலை என்ன? அவுக்குறது. ஒண்ணைச் சேலையால வகுக்குறதா?" என்றாய். நான் சிரித்தேன். உனக்குக் கோபம் ஏறிவிட்டது. "சிரிக்காத. கழித்தல் ஒண்ணுன்னா திரும்பி வர்றதுன்னு வச்சுக்க. அப்ப ரெண்டுன்னா ரெண்டு தரம் போறதாத்தான இருக்கணும்? சைன் எடு, வந்த எண்ணுக்கு மறுபடி சைன் எடு. அப்படி எவனாச்சும் படிக்கிறானா? இல்ல. ஒரே எடத்துல ஒரே மாதிரி எழுதிட்டு, இதுக்கு இப்படி, அதுக்கு அப்படின்னா புள்ளைங்க எங்க போயி முட்டிக்கும்? எம்புட்டு அநியாயம்டி இது!"

குழம்பு தீய்ந்துபோனது அன்றைக்கு. தீய்ந்த குழம்பைத் தின்றுகொண்டே, உன் புத்தகத்தில் இந்த அநியாயத்துக்கு இடமில்லை என்று சபதம் போட்டாய்.

போட்டபடியே செய்தாய். நாலாம் அதிகாரத்தின் முதல் வரி: "இப்புத்தகத்தில், ஒரு சார்பின் பெயருக்கு மேல் எழுதப்படும் எண் எப்போதும் அடுக்கே ஆகும்." அதன்படி sin⁻¹ x என்றால் ஒன்றின் கீழ் சைன். கோணத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய இடத்தில், குறியே வேண்டாம் என்று "எதன் சைன் அரையோ அந்தக் கோணம்" என்று நீட்டித் தமிழில் எழுதியிருக்கிறாய். அதன் புரூஃபைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிடிவாதக்காரி, விடவில்லை பார் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஐந்நூறு தாளும் ஓடிவிட்டது.

போன திங்கட்கிழமை ஒன்பதாம் அதிகாரத்தின் புரூஃப் வந்தது. மூன்றாவது வரியில் sin⁻¹ ½ = 30° என்று இருக்கிறது.

அக்கா, மறுபடி ஒரு தரம் படித்தேன். அச்சுப் பிழை என்று நினைத்து உன் நோட்டைப் புரட்டினேன். உன் கையெழுத்தில் அப்படியேதான் இருக்கிறது. அந்த அதிகாரம் முழுக்கப் பரீட்சைத் தாளின் வழக்கப்படியே எழுதியிருக்கிறாய், கழித்தல் ஒன்று என்றால் திரும்பிப் போ என்று. அடிக்குறிப்பு வேறு: "அரசாங்கப் பரீட்சையில் இவ்வாறே வருவதால் மாணவிகள் இதனையே பழகுக." எப்போது மனசு மாறினாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நாலாம் அதிகாரத்தை மனசில் வாங்கிய ஒரு பெண் பரீட்சையில் sin⁻¹ ½ என்று பார்த்தால், அரை டிகிரியின் சைனுக்கு அட்டவணையைப் புரட்டி, ஒன்றை அதனால் வகுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்பதாம் அதிகாரம் படித்த பெண் முப்பது டிகிரி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். இரண்டு பெண்களும் படித்தது உன் புத்தகம்தான். கணக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அனுமதி வாங்கி வருகிற பெண்கள். அவர்களில் ஒருத்தி இந்தப் புத்தகத்தால் தோற்றால்?

பிரஸ்ஸுக்கு ஓடினேன். காஜிமார் தெருவுக்குப் பின்னால் இருக்கிற ராவுத்தர் பிரஸ்ஸை உனக்குத் தெரியும், கல்யாணப் பத்திரிகையும் பஞ்சாயத்து நோட்டீசும் அடிக்கிற இடம். அங்கே கம்பாசிட்டர் சுப்பையா அண்ணன்தான் உன் புத்தகத்துக்கு எழுத்துக் கோர்க்கிறார். நாலாம் அதிகாரத்தை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டலாமா என்று கேட்டேன். மனுஷர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"எங்க டீச்சர் இருக்கு அது? ஓடி முடிஞ்ச மறுநாளே பிரிச்சாச்சு. நம்மகிட்ட இருக்குற எழுத்தே ஒரு பாரத்துக்குத்தான் பத்தும், பதினாறு பக்கம். அதப் பிரிச்சாத்தான் அடுத்த பதினாறு பக்கத்தக் கோக்க முடியும். உங்க நாலாம் அதிகாரத்து எழுத்துதான் இப்ப ஒம்பதாம் அதிகாரமா நிக்குது."

பிரஸ் முதலாளி ராவுத்தர் உள்ளேயிருந்து வந்து சேர்ந்துகொண்டார். "எழுத்த விடுங்க டீச்சரம்மா, பேப்பர் எங்க? சர்க்கார் பர்மிட்டுல வந்தது இந்தப் புஸ்தகத்துக்குக் கணக்கா இருக்கு. ஒரு ரீம் கூடக் கேட்டா மெட்ராஸ்லருந்து யுத்தம் முடியட்டும்னு எழுதுறான். வியாழக்கெழம பதினோரு மணிக்கு ஒம்பதாம் அதிகாரம் மிஷின்ல ஏறணும். ஏறாட்டி அடுத்த வேல வந்து ஒக்காந்துரும், அப்புறம் பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள புஸ்தகம் வராது."

அதாவது நாலாம் அதிகாரத்தைத் தொட முடியாது. ஒன்பதை வேண்டுமானால் நாலுக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம், ஆனால் அப்போது புத்தகம் முழுக்கப் பரீட்சைத் தாளோடு மல்லுக்கு நிற்கும். மாற்றாமல் விட்டால் புத்தகம் தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும்.

நேற்று தலைமையாசிரியையிடம் போனேன். கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் அவசரக்காரர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இதற்குப் போயா இத்தனை பதற்றம், லீதியாள்? ஒரு குறிப்புப் போட்டுவிடு. ஆசிரியர் நோய்வாய்ப்பட்டிருந்தார், ஆகவே சில முரண்பாடுகள் நேர்ந்துவிட்டன என்று. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இரக்கப்படத்தான் செய்வார்கள்" என்றார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன்: "ஆசிரியர் கடும் நோயுற்றிருந்த காலத்தில் எழுதியமையால் இந்நூலில் சில பிழைகள் நேர்ந்துள்ளன, வாசகர்கள் பொறுத்தருள்க." அழகான வாக்கியம். போகிற வழியில் அதைச் சுப்பையா அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நாளை அது ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசிப் பக்கத்தில், காலியிடத்தில் ஏறப்போகிறது.

வீட்டுக்கு வந்ததும் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. எதற்கோ நீ காய்ச்சலில் எழுதிய கடைசி நோட்டை எடுத்துப் பின்னட்டை வரை புரட்டினேன். பின்னட்டையின் உள்பக்கம், பென்சிலில், உன் சின்னக் கையெழுத்து: "அதி. 4, −1 எல்லாம் மாற்றலாமா? லீதி படித்ததும் கேட்க."

இனி மறைக்க இடமில்லை. சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நான்காவது நாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "லீதி, நோட்டு ரெண்டையும் படிச்சியாடி? நாலாவது எப்படி இருக்கு?" நான் சொன்னேன்: "படிச்சிட்டேன்க்கா. நாலாவதும் சரி, எல்லாமும் சரி. நீ தூங்கு." நீ தலையை ஆட்டினாய். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

நான் படிக்கவில்லை அக்கா. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. முதல் எட்டு அதிகாரமும் அடங்கிய அந்த நோட்டு இரண்டும் என் பையில் மூன்று வாரம் கிடந்தன. ஆஸ்பத்திரி அலைச்சல், பரீட்சைத் தாள் திருத்தல் என்று காரணம் சொல்லலாம், ஆனால் நீ கொடுத்தது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் இரண்டு வாரம் முன்னால். உண்மையைச் சொன்னால் எனக்கு வயிற்றெரிச்சல். புத்தகத்தின் படமெல்லாம் நான் வரைந்தது, ஒரு முக்கோணம் விடாமல். முதல் பக்கத்தில் உன் பெயரை மட்டும் எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் நோட்டை மூடினவள்தான், அதற்கப்புறம் திறக்கவில்லை.

இப்போது எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நான் சரி என்று சொன்னதால்தான் நீ நாலாம் அதிகாரத்தை மாற்றாமல் விட்டாயா? "லீதியே பாத்துட்டா, சரின்னுட்டா, இருக்கட்டும்" என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாயா? அல்லது உனக்கு அந்த விதியை விட மனசில்லாமல், நான் "வேண்டாம்க்கா, மாத்திரு" என்று சொல்வதற்காகக் காத்திருந்தாயா? யாரிடம் போய்க் கேட்பேன் இதை?

பாதிரியாரிடம் கேட்டால் மன்னிப்பைப் பற்றிச் சொல்வார். எனக்கு மன்னிப்பு அப்புறம். நாளை பதினோரு மணிக்கு மிஷின் ஓடப்போகிறது.

வியாழக்கிழமை, மத்தியானம்

இப்போதுதான் பிரஸ்ஸிலிருந்து வந்தேன். கை முழுக்க மை. கழுவாமலே எழுதுகிறேன், மறந்துவிடும் என்று பயம்.

காலை ஒன்பதரைக்கே போய்விட்டேன். சுப்பையா அண்ணன் என் வாக்கியத்தைக் கோர்த்து முடித்துவிட்டு, கோர்த்த கட்டையோடு என்னிடம் நீட்டினார். "பாருங்க டீச்சர், கணக்கா ஒக்காந்திருக்கு. ஒரு எழுத்து முன்ன பின்ன இல்ல." ஈயத்தில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறியிருக்கும் அல்லவா, அவர் பட்டென்று படித்துவிடுவார், நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. க-டு-ம் நோ-யு-ற்-றி-ரு-ந்-த. சின்னப் பிள்ளை மாதிரி.

அவர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கப்படாது. எஸ்தர் டீச்சரு நோவுல கெடந்தப்ப எழுதுனது எது, நாலா, ஒம்பதா?"

"ஒம்பதுண்ணே. ஒம்பதும் பத்தும். ஏன்?"

"இல்ல, நோவுல பிழையாயிருச்சுன்னு கோக்கச் சொல்லிருக்கீக. நான் கோத்துட்டேன், எனக்கென்ன. ஆனா அந்தக் கடைசி நோட்டுல ஒரு அடிச்சல் கெடையாது, திருத்தல் கெடையாது. முப்பது வருசமா கோக்குறேன், அம்புட்டுச் சுத்தமான கையெழுத்த நான் பாத்ததில்ல. அதான் கேட்டேன்."

எத்தனை பெரிய முட்டாள் நான்! காய்ச்சலில் எழுதிய ஒன்பதாம் அதிகாரம்தான் பெண்களுக்குச் சரியான அதிகாரம். திடமாக இருந்தபோது, தீய்ந்த குழம்பும் வீராப்புமாக எழுதியதுதான் நாலு. நோய் உன்னைத் தப்புச் செய்ய வைக்கவில்லை. தப்பு எங்கே என்று படுக்கையில் கிடந்தபடி நீயே கண்டுபிடித்துவிட்டாய், கண்டுபிடித்து என்னிடம் கேட்டும் விட்டாய். ஐந்நூறு புத்தகத்தில் அந்தப் பழியை உன் காய்ச்சலின் தலையில் நான் கட்ட இருந்தேன். இரக்கப்படுவார்கள் என்றார் தலைமையாசிரியை. உன்மேல் இரக்கப்பட அவர்கள் யார்?

"பிரிச்சிருங்கண்ணே" என்றேன்.

"பிரிக்கவா? இப்பத்தான டீச்சர் கோத்தேன்!"

"பிரிங்க. வேற சொல்றேன், எழுதிக்கங்க."

நின்றவாக்கில் சொன்னேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அவர் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மிச்சத்தையும் எழுதினார். எழுதியது இது:

"பிழை திருத்தம். நாலாம் அதிகாரத்தில் sin⁻¹ x என வரும் இடங்களிலெல்லாம் 1/sin x என்று கொள்க. cos, tan முதலியவற்றுக்கும் இவ்வாறே. அவ்வதிகாரத்தின் முதல் வரியில் ‘எப்போதும்’ என்பதற்கு ‘கழித்தல் ஒன்றைத் தவிர மற்ற இடங்களில்’ என்று கொள்க. ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ளதே சரி. இப்பிழைக்கு ஆசிரியர் பொறுப்பல்லர். கையெழுத்துப் பிரதியைப் படிக்காமலே படித்துவிட்டதாக அவரிடம் சொன்ன அவர் தங்கை லீதியாளே பொறுப்பு."

ராவுத்தர் அதை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "டீச்சரம்மா, என் பிரஸ்ஸுக்கு எத்தனையோ பேர் வந்திருக்காக. அடுத்தவன் பேர நாறடிக்க நோட்டீஸ் அடிக்கச் சொல்லிக் கேட்டிருக்காக. தன் பேரத் தானே இப்படிப் போடுறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. உங்க பெரிய டீச்சரம்மாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது."

"யா அல்லாஹ். வேலைக்கு எதும் பங்கம் வந்துருச்சுன்னா?"

வரலாம். புத்தகம் வந்ததும் முதல் பிரதி அவர் மேஜைக்குத்தான் போகும். பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சரே படிக்காமல் பொய் சொன்னாள் என்று பெற்றோர் கேட்டால் என்ன சொல்வார்? என்னை வைத்திருப்பாரா? ராவுத்தரிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. "போடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தின் காலியிடத்தில் இத்தனை வரி கொள்ளாது என்றார். மூலையில் கட்டி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைக் கழிவுத் துண்டுகளை இழுத்துப் போட்டார். ரோஸ், மஞ்சள், பச்சை என்று நாலு விரற்கடை அகலத் துண்டுகள். பர்மிட் பேப்பர் இல்லை, கேட்பாரில்லை. பிழை திருத்தம் அதில்தான் அச்சாகப்போகிறது, நாலாம் அதிகாரத்துக்கு எதிரே ஒட்டுவதற்கு. உன் புத்தகத்துக்குள் ஐந்நூறு கல்யாண நிறத் துண்டுகள். நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய்.

பதினோரு மணிக்கு ஒன்பதாம் அதிகாரம் மிஷினில் ஏறியது. நீ எழுதியபடியே, ஒரு குறி மாறாமல்.

ஆனால் துண்டு ஒட்டினால் போதுமா? துண்டு உதிரும். பிள்ளைகள் கிழிப்பார்கள், அட்டை போடும்போது பிய்த்து எறிவார்கள். அவசரத்தில் படிக்கிறவள் துண்டையா படிப்பாள்? அதனால் சுப்பையா அண்ணனிடம் கேட்டேன். நாலாம் அதிகாரத்துத் தாள்கள் இன்னும் மடிக்கப்படவில்லையாம், கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றை எனக்குக் கொடுங்கள், கையாலேயே திருத்தித் தருகிறேன் என்றேன். "ஐந்நூறு தாளையுமா?" என்றார். ஆமாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறிகள் இருபத்திரண்டு இடத்தில், முதல் வரியையும் சேர்த்தால் இருபத்து மூன்று. ஐந்நூறு தாளுக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு. ஒரு நாளைக்கு இருபது தாள் முடித்தால் இருபத்தைந்து நாளில் பைண்டரிடம் கொடுக்கலாம், பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் மிச்சமிருக்கும். காய்ச்சல் வரக்கூடாது, கை வலிக்கக்கூடாது, விருந்தாளி வரக்கூடாது. ஐந்நூறு தாளையும் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்து உன் கட்டிலில் இறக்கியிருக்கிறேன்.

முதல் தாளில் "எப்போதும்" என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்தபோது கை ஓடவில்லை அக்கா. உன் புத்தகத்திலேயே உனக்குப் பிடித்த சொல் அது. ஒரு குறிக்கு ஒரு வேலை என்று எத்தனை நாள் சண்டை பிடித்தாய், ஊரே உன்னைப் பார்த்துச் சிரித்தது, நானும் சிரித்தேன். விதி உன்னுடையதுதான் சரி, உலகம்தான் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பரீட்சை எழுதப்போகிறது உலகம் இல்லை, பெண்கள். அடித்துவிட்டேன். பின்னட்டையில் நீ கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான்: மாற்றலாம் அக்கா. இரண்டு மாதம் தாமதம். நான் சொன்னது சரியா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புரூஃப் பார்ப்பது படிப்பது ஆகாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறவள் எழுத்தைத்தான் பார்க்கிறாள். அதனால் நேற்று சாயங்காலம் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன், விடிய விடிய, பென்சிலும் தாளுமாக, ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்த்து. மூன்றாம் அதிகாரத்தில் திருப்பரங்குன்றம் ஸ்டேஷனிலிருந்து மலையுச்சியை அண்ணாந்து பார்க்கும் கணக்கு இருக்கிறதே, அதற்கு எனக்கு வேறு விடை வந்தது. இதுவும் தப்பா, இதுவும் ஓடிவிட்டதே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி போட்டேன். அட்டவணையில் நான்தான் ஒரு வரி தள்ளிப் பார்த்திருக்கிறேன். உன் விடை சரி. சரி என்றதும் அழுதேன், எதற்கென்று தெரியவில்லை.

இத்தனை செய்தும் பயம் போகவில்லை. எண்ணிக்கையில் ஒரு தாள் தவறிப்போனால்? பைண்டரிடம் கட்டு மாறிப்போனால்? ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு பெண்ணின் கையில் திருத்தாத தாள் ஒன்று சேர்ந்துவிட்டால், அவளுக்கு நான் யாரென்றுகூடத் தெரியாதே. தைக்கிற வரைக்கும் பைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவேன். திருத்தாத ஒரு தாளும் என்னைத் தாண்டிப் போகாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இதை மற்றவர்கள் முன்னாலேயே கொடுக்கிறேன், தவறினால் அவர்கள் கேட்கட்டும்.

புத்தகம் எதுவரை படித்தாய் என்று நீ கேட்பாய். மூன்றாம் அதிகாரம் முடித்துவிட்டேன், நாலில் பதினோராம் பக்கம் வரை வந்திருக்கிறேன். அவ்வளவுதான் அக்கா. அதற்கு மேல் இன்னும் படிக்கவில்லை.

உன் தங்கை,
லீதியாள்